ஆளுக்கொரு பூட்டு

விடிவதற்குள்ளேயே மொட்டைமாடிக்கு இரும்பு ஏற ஆரம்பித்துவிட்டது. குளிர் வாட்டும் அந்த மலையூரில் கடைக் கட்டடத்தைச் சூடேற்றிவந்த எண்ணெய் பாய்லரை ஓரங்கட்டிவிட்டு, இனிச் சூட்டுக்கும் குளிருக்கும் மின்சாரம்தான் என்று முடிவாகியிருந்தது. லிஃப்டில் ஏற்ற முதலாளி விடவில்லை, அழுக்காகிவிடுமாம். செம்புக் குழாய்களும் விசிறிகளும் தோள்மேல்தான் ஏறின. வயர்மேன் நெட்டையனுக்குத் தோள் உரிந்து சட்டை ஒட்டிக்கொண்டது.

அவனுக்கு அந்த எரிச்சல் பெரிதாகத் தெரியவில்லை. தங்கை புருஷன் நேற்று முதல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனும் வயர்மேன். கம்பியில் கைவைக்கப் போகிறவன் பாய்லர் அறையிலுள்ள மெயின் ஸ்விட்சை இறக்கி, தன் பூட்டை மாட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போவான். அவனே வந்து திறக்கும்வரை யாரும் ஸ்விட்சைத் தொடக் கூடாது. நேற்று முதலாளிக்கு அவசரம். வந்த விருந்தாளிகளுக்குப் புது மிஷினை ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. ஆள் விட்டு மச்சானின் பூட்டை அறுத்து ஸ்விட்சைப் போடவைத்தார். மேலே கம்பியைப் பிடித்திருந்த மச்சானின் வலது கை வெந்தது. விரல்கள் பிழைக்குமா என்று டாக்டருக்கே தெரியவில்லை.

இன்று முதலாளியே பாய்லர் அறைக்கு இறங்கி வந்தார்.

"இனிமே இங்க பூட்டே தொங்கக் கூடாது. ஒவ்வொருத்தனா வந்து தொறக்கிறவரைக்கும் நான் காத்துக்கிட்டு இருக்கணுமா? பிடிக்காதவன் வீட்டுக்குப் போகலாம்."

"மேல கம்பியைப் பிடிக்கிறது எங்க கை சார்," என்றான் நெட்டையன்.

"நேத்து ஏதோ ஒரு விபத்து. அதுக்குப் போய்…"

"விபத்தா? ரம்பம் தானா நடந்து வந்து பூட்டை அறுத்துச்சா?"

நெட்டையன் ஸ்விட்சை இறக்கித் தன் பூட்டை மாட்டினான். குழாய் வேலைக்காரர்களும் வெல்டரும் வரிசையாக வந்து மாட்டினார்கள். முதலாளியின் முகம் சிவந்தது. மூலையில் தன் ஆட்களோடு நின்ற பாய்லர்காரன் பக்கம் திரும்பினார். அவனை எல்லோரும் கரிச்சட்டி என்பார்கள். இந்த வேலை முடிந்தால் அவனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் சீட்டுக் கிழிந்துவிடும். அந்தக் கடுப்பில் புது ஆட்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட அவர்கள் கொடுத்ததில்லை.

"இங்க வாப்பா. இதையெல்லாம் அறுத்துப் போடு. உன் வேலை உனக்கு."

நெட்டையன் கரிச்சட்டியைப் பார்த்தான். பிள்ளைகுட்டிக்காரன், அறுத்தாலும் அவனைக் குறை சொல்ல முடியாது.

கரிச்சட்டி பாய்லருக்குப் பின்னால் போனான். திரும்பியபோது கையில் ரம்பம் இல்லை. எண்ணெய்க் குழாய் வால்வைப் பூட்டும் பெரிய பூட்டு இருந்தது. அதை மற்றப் பூட்டுகளோடு மாட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

"என் பொழப்புல மண்ணப் போட்டது இவனுங்கன்னு நெனச்சேன் சார். புது மிஷினை ஓட்டவும் ஆள் வேணும்ல? எங்களுக்குக் கத்துக்குடுங்க, ஓட்டறோம். அந்தப் பையன் கைக்கு வைத்தியம் பாருங்க. அதுவரைக்கும் இந்தப் பூட்டு தொறக்காது."

"போலீசைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க," என்றான் நெட்டையன். "நேத்து அறுத்த பூட்டைப் பத்திரமா வச்சிருக்கோம். அவங்களும் பாக்கட்டும்."

முதலாளி போனைக் காதில் வைத்தபடி படியேறினார். இரண்டு கூட்டமும் ஸ்விட்சுக்கு முன்னால் தரையில் நெருக்கி உட்கார்ந்தது. அடுத்து என்ன வருமோ யாருக்கும் தெரியாது. கரிச்சட்டி தண்ணீர்க் குடத்தை இழுத்துவந்து முதல் குவளையை நெட்டையனிடம் நீட்டினான்.

"குடிச்சிட்டு அந்தப் பக்கம் கொடு. ரொம்ப நேரம் உக்காரணும்."