பஞ்சுக் குச்சி

தாதி கொண்டுவந்து வைத்த பிளாஸ்டிக் கோப்பையை மாமிக்கு முன்பே பாலேந்திரா பார்த்துவிட்டான். கோப்பையில் அரைவாசிக்குத் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு வெள்ளைக் குச்சி. குச்சியின் நுனியில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு துண்டுப் பஞ்சு, பூப்போல வெட்டியது. குழந்தைகளுக்கு விற்கும் இனிப்பு என்றுகூட யாராவது நினைக்கலாம்.

அவன் வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

கட்டிலில் மாமா கிடந்தார். தியாகராஜா, இறந்துபோன அவன் மனைவி மலரின் தகப்பன். குடலில் கட்டி என்று முதல் நாள் வயிற்றைத் திறந்து ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கியது. உதடுகள் வெடித்திருந்தன. கடைவாயில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. நாக்கை அவர் அண்ணத்திலிருந்து பிரிக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது.

அந்தச் சத்தத்தைப் பாலேந்திரா முன்பும் கேட்டிருக்கிறான்.

"இது என்ன தம்பி?" மாமி கேட்டார்.

"வாய் நனைக்கிறதுக்கு, மாமி."

மாமி எழுந்தார். கோப்பையை எடுத்துப்போய்த் தண்ணீரைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றினார். குச்சியைக் குப்பைக் கூடைக்குள் போட்டார். திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பைக் கோட்டுக்குள் சொருகிக்கொண்டார்.

மாமா கண்ணால் அந்தத் தொட்டியையே பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"லண்டன் முழுக்க மழை பெய்யுது," என்றார். ஒவ்வொரு சொல்லையும் உரித்து எடுக்க வேண்டியிருந்தது. "எனக்குத்தான் ஒரு சொட்டு இல்லை. ஈசு, நீ என்ன, பைப்புக்குக் காவலோ?"

"கதையாதேங்கோ. வயித்திலை தையல் இருக்கு," என்றார் மாமி.

ஒன்றரை வருடத்துக்கு முன் மலர் கிடந்தது வேறோர் ஆஸ்பத்திரியில். கருப்பையில் கட்டி. சின்ன ஒப்பரேஷன், நாலாம் நாள் வீட்டுக்கு வரலாம் என்றார்கள். மயக்கம் தெளிந்ததும் அவள் தண்ணீர் கேட்டாள். குடிக்கக் கூடாது, வாயை மட்டும் நனைக்கலாம் என்று ஒரு தாதி இதேபோல ஒரு குச்சியை அவன் கையில் தந்துவிட்டுப் போனாள். அவன் தோய்த்து உதட்டில் வைத்தான். மலர் சட்டென்று வாயை மூடிப் பஞ்சை உறிஞ்சினாள். அவன் குச்சியை இழுத்தான். அவள் விடவில்லை. இரண்டாம் முறை கொஞ்சம் பலமாக இழுக்க வேண்டியிருந்தது.

அந்த நேரம்தான் மாமி திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் கண்டது வேறு காட்சி. ஊரில் டொக்டர் கைவிட்ட பிறகு, மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது, உறவுக்காரர் ஒவ்வொருவராக வந்து பஞ்சில் பால் தோய்த்து வாயில் விடுவார்கள். போகிறவர் தாகத்தோடு போகக் கூடாது. உரிமையுள்ளவர் விட்டால் உயிர் லேசாகப் பிரியும். மருமகன் குனிந்து மகளின் வாயில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் மலரின் நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்தது. அவள் போய்விட்டாள்.

செத்த வீட்டில் மாமி யாரிடமோ சொன்னது அவன் காதில் விழுந்தது. "பஞ்சிலை தோய்ச்சுத் தண்ணி விட்டு அனுப்பிப்போட்டார்."

அவன் உயிரியல் படித்தவன். இரத்தம் எப்படிக் கட்டுகிறது என்று விளக்கியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகும் மூன்று பேரும் கோலியர்ஸ் வுட்டில் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். மலர்தான் தாய் தகப்பனை லண்டனுக்குக் கூப்பிட்டவள். அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை. மாமி அவனுக்குச் சமைத்தார். பெற்றோல் நிலைய வேலைக்கு அவன் போட்டுப்போகும் சட்டையை ஸ்திரி போட்டு வைத்தார். ஆனால் அவன் தேத்தண்ணீர் கொண்டுபோய் நீட்டினால், "இப்பதான் குடிச்சனான் தம்பி," என்பார். காய்ச்சலில் கிடந்தபோதுகூடச் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கீழே வந்து தானே பைப்பைத் திறந்தார். அவன் கையால் தண்ணீர் வாங்கவில்லை.

அவனுக்கு வேறொன்று இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் அந்த இழுப்பு. பூட்டிலிருந்து திறப்பை எடுக்கும்போது, தேயிலைப் பையை நூலில் பிடித்துத் தூக்கும்போது, மறுமுனையை யாரோ விடாமல் பிடித்திருப்பதுபோல இருக்கும். அவன் உடனே பிடியை விட்டுவிடுவான். தேயிலைப் பை கோப்பைக்குள் திரும்பவும் விழும்.

தாதி மறுபடி வந்தாள். ஐரிஷ்காரி. வெறும் கோப்பையைப் பார்த்துவிட்டுப் புதுத் தண்ணீரும் புதுக் குச்சியும் கொண்டுவந்தாள்.

"கொண்டுபோகச் சொல்லுங்கோ தம்பி," என்றார் மாமி.

பாலேந்திரா மாமியைக் காட்டித் தாதியிடம் ஆங்கிலத்தில், "இவர் பயப்படுகிறார்," என்றான்.

"இதற்கா? வெறும் தண்ணீர்தானே. வாய் இப்படியே காய்ந்து கிடந்தால் புண் வந்துவிடும். அடிக்கடி செய்யுங்கள். பஞ்சை நன்றாகப் பிழிந்துவிட்டு நாக்கு, பல்முரசு, கன்னத்தின் உட்பக்கம் எல்லாம் துடையுங்கள். விழுங்க விடாதீர்கள். பிறகு உதட்டுக்கு வாசலின்." பக்கத்துக் கட்டிலில் யாரோ மணியடித்தார்கள். அவள் போய்விட்டாள்.

"என்னவாம்?"

"வாய் காய்ஞ்சால் புண் வருமாம், மாமி."

"புண் வந்தால் ஆறும்."

மாமா தலையைத் திருப்பினார். நாக்கு ஒருமுறை 'டக்' என்றது.

"ஈசு, நான் சாகேல்லை. எனக்குத் தண்ணி விடாய்க்குது."

"அவளும் விடாய்க்குது எண்டுதான் சொன்னவள்," என்றார் மாமி. மாமாவைப் பார்த்துச் சொல்லவில்லை. பாலேந்திராவையும் பார்க்கவில்லை.

அந்த நாளைப் பற்றி அவன் முன்னால் மாமி பேசியது அதுதான் முதல் தடவை.

அவன் கையைப் பையிலிருந்து எடுத்தான். "நீங்களே பிடியுங்கோ, மாமி. உங்கடை கையாலை."

"என்ரை கையாலையோ?" மாமி இரண்டு கைகளையும் கோட்டின் கைகளுக்குள் இழுத்துக்கொண்டார். "கட்டின மனுசனுக்கு, என்ரை கையாலையோ?"

"அப்ப நான் செய்யிறன்."

"வேண்டாம் தம்பி."

"மாமா கேக்கிறார்."

"அவள் கேட்டப்பவும் நீங்கள்தானே குடுத்தனீங்கள்!"

பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த வெள்ளைக்காரர் பத்திரிகைக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"சண்டையை வீட்டை போய்ப் பிடியுங்கோ," என்றார் மாமா. "முதல் என்ரை வாயைப் பாருங்கோ."

பாலேந்திரா குச்சியை எடுத்தான். கோப்பையின் விளிம்பில் வைத்துப் பஞ்சைப் பிழிந்தான். அவன் குனிந்ததும் மாமி பாய்ந்து வந்து அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்தது. அதற்குள் பஞ்சு மாமாவின் உதடுகளுக்கு நடுவே போய்விட்டது.

மாமா வாயை மூடினார்.

வயிற்றைக் கிழித்துத் தைத்த மனிதரிடம் அத்தனை பலம் இருக்குமென்று சொன்னால் நம்பமாட்டார்கள். குச்சி வளைந்தது. அந்த இழுப்பு விரல்களுக்கு வந்து மணிக்கட்டுக்கு ஏறியது. அங்கே மாமியின் கை இருந்தது.

மாமியின் பிடி இறுகியது. பிறகு தளர்ந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை.

"இழுக்கிறார்," என்றார்.

"ஓம் மாமி."

"என்ரை அம்மாவுக்கு நான் பால் விட்டனான். அப்பிடியே கடைவாயாலை வழிஞ்சு போச்சுது. ஐயாவுக்கும் அப்பிடித்தான். போற உயிர் இப்பிடி இழுக்காது." மாமாவின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தார். "அவள்?"

பாலேந்திராவுக்கு இப்போது தன்னுடைய நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"அவளும் இப்பிடி இழுத்தவளோ, தம்பி?"

"ஓம் மாமி. விடேல்லை. நான்தான் பறிச்செடுத்தனான். குடிக்கக் கூடாது எண்டவை."

மாமி அழவில்லை. மாமா பஞ்சை விட்டார். உதட்டில் ஈரம் இருந்தது.

"இன்னொருக்கா," என்றார் மாமா.

பாலேந்திரா மறுபடி தோய்த்து விளிம்பில் வைத்துப் பிழிந்தான். மாமியின் கை அவன் மணிக்கட்டிலேயே இருந்தது.

"அவ்வளவு பிழியாதேங்கோ," என்றார் மாமி.

பார்வை நேரம் முடியும்வரை அப்படியே செய்தார்கள். நாக்கு, முரசு, கன்னத்தின் உட்பக்கம். கடைசியாக மாமியே மோதிர விரலால் வாசலினை எடுத்து உதட்டில் பூசிவிட்டார். மாமா தூங்கிப்போனார். வாயைத் திறந்து தூங்கினார். 'டக்' என்ற சத்தம் இல்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. மழைக்கோட்டு வாசமும் ஈரமும். இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பஸ் குலுங்கிப் புறப்பட்டபோது மாமி திடீரென்று கம்பியிலிருந்து கையை எடுத்தார். சுடுவதைத் தொட்டவர்போல எடுத்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பெருவிரலால் மற்ற விரல்களைத் தேய்த்தார்.

"தம்பி."

"என்ன மாமி?"

"இன்னும் இழுக்கிற மாதிரிக் கிடக்கு. இழுக்கிறது அவர் இல்லை."

யார் என்று அவன் கேட்கவில்லை.

"இது எவ்வளவு காலத்துக்கு இருக்கும்?"

"தெரியாது மாமி. எனக்கு இன்னும் போகேல்லை."

மாமி அவனுடைய கையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பஸ் அடுத்த தரிப்பிடத்தில் நின்று மறுபடி புறப்பட்டபோது, அவனுடைய கைக்குப் பக்கத்தில், அதே கம்பியை, இந்த முறை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.