காற்றை விழுங்கிப் பேசுகிறவர்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நேவியோவுக்கு வாய் இருந்தது. அதற்குக் காற்று அனுப்புகிற வழியைத்தான் டாக்டர்கள் ஐந்து வருடத்துக்கு முன்னால் அறுத்தெடுத்துவிட்டார்கள். குரல்வளையில் புற்றுநோய். இப்போது அவர் மூச்சு விடுவது கழுத்துக் குழியில் போட்ட ஓட்டை வழியாக. பேச்சுக்குத் தனி ஏற்பாடு. ஒரு வாய் காற்றை விழுங்கி, அது வயிற்றுக்குப் போய்ச் சேரும் முன்னால் ஏப்பமாக மேலே இழுத்து, அந்த ஏப்பத்தை நாக்காலும் உதட்டாலும் சொல்லாக்குவார். ஒரு ஏப்பத்துக்கு மூன்று நான்கு சொல் தேறும். ரியேக்கா நகரத்து ஆண்கள் எல்லாருக்கும் இப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் ஊரில் பாதிச் சண்டை குறைந்திருக்கும்.

குரல்வளையை எடுக்கப்போகிறவனிடம், எடுத்த பிறகும் உயிரோடு இருக்கிற ஒருவரை அறுவைக்கு முந்தின நாள் அனுப்புவது அந்த வார்டில் வழக்கம். நேவியோ அப்படிப் போகிறவர். தன் கதையைச் சொல்லுவார். கட்டிலில் கிடப்பவன் முதலில் மிரளுவான், பிறகு கேட்பான், கடைசியில் கையெழுத்துப் போடுவான்.

அன்றைக்குத் தெற்குக் காற்று. மழையும் வெக்கையுமாக ஊரே சிடுசிடுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் தமாரா அவரை மாடிப்படியிலேயே பிடித்துக்கொண்டார்.

"கல்லுளிமங்கன் மாதிரி உக்காந்திருக்கான், நேவியோ. ஒத்துக்கவே மாட்டேங்கிறான். வெட்டலைன்னா வெயில் காலத்தைத் தாண்ட மாட்டான். நீங்க எப்பவும் சொல்ற கதையையே சொல்லுங்க. அது நல்லா வேலை செய்யுது."

ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவன் பெயர் சில்வானோ. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் மேஸ்திரி. கப்பல் மேல்தட்டில் நின்றுகொண்டு அடித்தட்டில் இருக்கிறவனை அதட்டியே வளர்ந்த கழுத்து, எருமைக் கழுத்து. இப்போது அந்தக் கழுத்தின் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

"வணக்கம். நான் நேவியோ. கப்பல்பட்டறை வெல்டர்."

சில்வானோ முகத்தைச் சுளித்தான். எல்லாரும் சுளிப்பார்கள். நேவியோவின் சொந்த மகளே தொலைபேசியில் சுளிப்பது அவருக்குத் தெரியும். பார்க்க முடியாவிட்டாலும் தெரியும்.

"மாதாவே! இதுவாய்யா உன் குரல்?"

"என்னுதுதான். இரவல் இல்ல."

சில்வானோ சிரித்தான். சரளைக் கல்லை வாளியில் கொட்டுகிற மாதிரி ஒரு சிரிப்பு. பிறகு இருமினான். கைக்குட்டையை வாயில் ஒற்றி, பார்க்காமலே மடித்து வைத்தான்.

நேவியோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வழக்கமான கதையை ஆரம்பித்தார். பயந்து பயந்து டாக்டரிடம் தாமதமாக வந்தது, வெட்டினது, சோடாத் தண்ணீர் குடித்துக் குடித்து ஏப்பம் பழகினது, முதல் முதலாக மீன் சந்தையில் மத்தி மீன் விலை கேட்டது, கடைக்காரி பயந்துபோய் அரைக் கிலோ சும்மா கொடுத்தது. அந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். சில்வானோ சிரிக்கவில்லை.

"கிளிப்பிள்ளைப் பாடம் முடிஞ்சுதா, பார்பா?" பார்பா என்று அந்தக் கரையில் பெரியவர்களை மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவன் சொன்ன விதத்தில் மரியாதை இல்லை. "இப்ப நான் கேக்கிறேன், நீ சொல்லு. உன்னால சிரிக்க முடியுமா?"

"முடியும். சத்தம் வராது."

"வாசனை?"

"தெரியாது."

"கடல்ல இறங்குவியா?"

"முழங்கால் வரைக்கும். அதுக்கு மேல போனா... ஓட்டையில தண்ணி."

"கெட்ட வார்த்தை?"

"வரும். சின்னச் சின்னதா."

"சிரிப்பு இல்ல, மோப்பம் இல்ல, கடல் இல்ல. அப்புறம் எதுக்குய்யா நீ இருக்க?"

இத்தனை வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை, நினைத்திருப்பார்கள். நேவியோவுக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லக் காற்றை விழுங்கினார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? காற்று சும்மாவே வெளியே வந்தது.

சில்வானோவுக்கே கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று போல. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கோவிச்சுக்காத. எனக்குச் சாகப் பயம் இல்ல, வெட்டவும் பயம் இல்ல. என் பொண்டாட்டி இருக்காளே, வில்மா, அவளுக்குக் காது போச்சு. காகித ஆலையில இருபது வருஷம் மெஷின் பக்கத்துல நின்னு நின்னு போச்சு. காதுல மாட்டுற கருவி வாங்கிக் குடுத்தேன். இப்ப அதுக்கும் கேக்கலை. இந்த ஊர்லயே என் ஒருத்தன் குரல்தான் அவளுக்கு எட்டும். நான் கத்துவேன், அவ பதில் சொல்லுவா. தெருவே ஜன்னலைச் சாத்திக்கும். அப்படித்தான் எங்க குடும்பம் ஓடுது. நாளைக்கு இதை அறுத்துப்போட்டா, உன்ன மாதிரி ஏப்பம் விட்டுக்கிட்டு அவகிட்ட என்னத்தப் பேசுவேன்? ஒரு வீட்டுக்குள்ள ஒரு செவிடும் ஒரு ஊமையும். வேணாம்யா. இருக்கிற வரைக்கும் பேசிட்டுப் போறேன்."

நேவியோ எழுந்து போயிருக்கலாம். டாக்டர் தமாராவிடம் உதட்டைப் பிதுக்கிக் காட்டிவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். அவரை உட்கார வைத்தது கருணை இல்லை, கோபம். எதற்கு இருக்கிறாய் என்று கேட்டானே, அந்தக் கோபம். யாரிடமும் சொல்லாத கதையை அவர் அந்தக் கோபத்தில்தான் எடுத்தார்.

லியெர்கா அவருடைய மனைவி. அவருக்கு வெட்டி இரண்டு வருடம் கழித்து, ஒரு சாயங்காலம், சமையலறையில் கையில் கத்திரிக்காயோடு நின்றவள் அப்படியே தரையில் சரிந்தாள். நேவியோ ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார். எதிர்முனையில் ஒரு பெண் ஹலோ, ஹலோ என்றாள். ஏப்பக் குரலுக்கு ஒரு சாபம் உண்டு. பதறினால் தொண்டை இறுகிக்கொள்ளும், காற்று இறங்காது. மனது நிம்மதியாக இருக்கும்போது மீன் விலை கேட்கலாம். பெண்டாட்டி சாகும்போது ஒரு சொல் வராது. உஸ் உஸ் என்று மூச்சு மட்டும் போயிற்று. விளையாட ஆள் கிடைக்கவில்லையா என்று திட்டிவிட்டு அந்தப் பெண் போனை வைத்தாள்.

ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. வாணலியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்து அடித்தார். பலம்கொண்ட மட்டும் அடித்தார். அன்றைக்குத் தேசிய அணியின் ஆட்டம். அப்போதுதான் ஒரு கோல் விழுந்திருந்தது. எதிர்க் கட்டிடத்தில் ஒவ்வொரு பால்கனியிலும் ஆட்கள் வந்து நின்று, அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, தங்கள் வீட்டுச் சட்டிகளை எடுத்துத் தாளம் போட்டார்கள். "சபாஷ் நேவியோ!" என்று ஒருவன் கத்தினான். அவர் அடிக்க அடிக்க அவர்களும் அடித்தார்கள்.

இதையெல்லாம் மூன்று மூன்று சொல்லாக, நடுவில் காற்றை விழுங்கி விழுங்கி, நேவியோ சொன்னார். சில்வானோ முகம் சுளிக்கவில்லை. குரல் எப்படி இருக்கிறது என்பதை அவன் மறந்திருந்தான்.

"இதைத் தமாரா டாக்டர்கிட்டச் சொன்னதுண்டா?"

"இல்ல. சொன்னா... என்னை உள்ள விடமாட்டாங்க."

"ஆக, குரல் இருந்திருந்தா அந்தம்மா பிழைச்சிருக்கும்."

"பிழைச்சிருக்கலாம்."

"அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு என்னை அறுத்துக்கச் சொல்ற?"

"அறுக்கலைன்னா... நான் அவளுக்கு முந்தியே... கோசாலா கல்லறையில. அவ... சமையல்கட்டுத் தரையில. தனியா."

அதற்கு மேல் முடியவில்லை. தொண்டை இறுகிவிட்டது, அன்றைக்கு இறுகின மாதிரியே. காற்றை விழுங்கிப் பார்த்தார், இறங்கவில்லை. ஆனாலும் வாய் நிற்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சில்வானோ முன்னால் குனிந்து, காதைக் கிட்டே கொண்டுவந்தான்.

"கேக்கலைய்யா. என்ன சொல்ற?"

"தலை மடியிலயா இருந்துச்சு?"

கேட்டது வாசலில் நின்ற பெண். நனைந்த கோட்டு, கையில் சூப் தூக்கு. எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியாது. செவிடர்களுக்கே உரிய உரத்த குரலில், அறை முழுக்கக் கேட்கும்படி, நேவியோவின் உதட்டையே பார்த்துக்கொண்டு அவள் சொன்னாள்.

"வாணலிய வீசிட்டு உள்ள ஓடி வந்து, அவங்க தலையை எடுத்து மடியில வச்சுக்கிட்டீங்களா? உங்க முகத்தைப் பாத்துக்கிட்டேவா போனாங்க? ஐயோ பாவமே. அதுவாவது கிடைச்சுதே அவங்களுக்கு."

நேவியோ வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு மறுபடி உதட்டை அசைத்தார், உங்களுக்குக் கேட்கிறதா என்று.

"எனக்கு எங்க கேக்குது?" என்றாள் வில்மா. "நீங்க நல்லா வாயைத் திறந்து, நிறுத்தி நிறுத்திப் பேசுறீங்க. உங்ககூடப் பேசுறது சுலபமா இருக்கு. இந்த மனுஷன் மாதிரி மென்னு முழுங்கலை."

சில்வானோ அவளைப் பார்த்தான், நேவியோவைப் பார்த்தான். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவளைக் கையைப் பிடித்து இழுத்து ஜன்னல் பக்கம் திருப்பி, அவள் முதுகுக்குப் பின்னால் இருந்து கத்தினான். இருந்த பலத்தையெல்லாம் திரட்டிக் கத்தினான். நரம்பு புடைத்தது, வந்ததோ தகரம் கிழிகிற மாதிரி ஒரு கரகரப்பு.

"வில்மா! நான் பேசுறது கேக்குதா?"

வில்மா மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கையை விட்டதும் திரும்பினாள். திரும்பினவள் அவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். மூடி வைக்க இனி எதுவும் இல்லை.

"எப்பலேர்ந்து கேக்கலை?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே."

"நான் கத்தினேனே. தினமும் கத்தினேனே. தொண்டை கிழியக் கத்தினேனேடி."

"தெரியும். கழுத்து நரம்பு புடைக்கிறதைப் பாப்பேன். கைக்குட்டையத் துவைச்சவ நான்தானே? பாத்துட்டேதான் இருந்தேன்."

"அப்ப ஏன் சொல்லலை? சொல்லியிருந்தா நான் எதுக்குக் கத்தப்போறேன்?"

வில்மா தூக்கைக் கீழே வைத்தாள். கையில் வேறு வேலை இல்லாமல் போகவே கோட்டுப் பொத்தானைத் திருகினாள்.

"சொன்னா பேசுறதை நிறுத்திருவியே."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. யாரும் யாரையும் தேற்றவில்லை. பிறகு, திரும்பாமலே, "அந்த டாக்டரம்மாவ வரச் சொல்லு, பார்பா," என்றான். இந்தத் தடவை அந்தச் சொல்லில் கேலி இல்லை.

டாக்டர் தமாரா பேனாவோடு வந்தார். நேவியோவை நன்றியோடு பார்த்தார். பழைய கதை இன்னொரு தடவை வேலை செய்தது என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும் என்று நேவியோ விட்டுவிட்டார். கழுத்தில் நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருக்கிறது, வெட்டினாலும் உத்தரவாதம் இல்லை என்பதை அந்த அம்மாள் மறைக்காமல் சொன்னார். வில்மா அவர் உதட்டைப் பார்த்து ஒவ்வொரு சொல்லையும் வாங்கிக்கொண்டாள். சில்வானோ கையெழுத்துப் போட்டான்.

நேவியோ தொப்பியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தபோது வில்மா பின்னாலேயே வந்தாள்.

"உங்க வீட்டம்மா பேரு என்ன?"

தொண்டை இன்னும் இளகவில்லை. அந்தப் பெயர் எப்படியும் அவருக்கு வராது. வெட்டின நாளிலிருந்தே முதல் எழுத்து விக்கலாகத்தான் போகும். லியெர்காவே அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள். உதட்டை மட்டும் அசைத்தார்.

"லியெர்கா," என்றாள் வில்மா. அவள் குரல் வராந்தாவின் கடைசி வரை போயிற்று. நர்ஸ் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

குரல் இருந்த நாட்களில், பட்டறை விட்டு வரும்போது நேவியோ அந்தப் பெயரைத் தெருவிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுவார், நாலாவது மாடிக்கு எட்டும்படி. அப்படி யாரும் கூப்பிட்டு ஐந்து வருடம் ஆகிவிட்டது. அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். அழுகை வந்தது, அதற்கும் சத்தம் இல்லை, ஓட்டையில் மூச்சு மட்டும் போய்ப் போய் வந்தது. ஒரு விரலைக் காட்டினார், இன்னும் ஒரு தடவை என்று.

வில்மா சொன்னாள்.