காத்திருத்தலுக்குப் பொறுப்பாளர் இல்லை

அவள் பொத்தானை அழுத்தியதும் எக்செல் தாள் ஒரு முறை கண் சிமிட்டிவிட்டு, மேலிருந்து கீழாகப் பட்டைகளை வரைந்துகொண்டே போனது. மண் தோண்டுவதற்குப் பழுப்பு, கம்பி கட்டுவதற்கு நீலம், கான்கிரீட்டுக்குச் சாம்பல், மின்சார வேலைக்கு மஞ்சள். கடைசிப் பட்டை, கட்டடத்தை ஒப்படைக்க வேண்டிய நாளைக் காட்டும் சிவப்புக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் போய் நின்றது. அடித்த மழையில் வேலை பல நாள் கிடப்பில் கிடந்திருந்தது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தால் ஊரில் ஒரு தூறல் போட்டதாகக்கூடத் தெரியாது. பின்னால் நின்றிருந்த மேலாளர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். எதைக் கேட்டாலும் 'முடிச்சிடலாம்' என்று சொல்வதால் அலுவலகத்தில் அவருக்கு முடிச்சிடலாம் என்றே பெயர். அன்றைக்கும் அதைச் சொல்லிவிட்டு, படத்தை உடனே வேலையிடத்துக்கு அனுப்பச் சொன்னார். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவள் ஒன்றும் நிரல் எழுதப் படித்தவள் இல்லை. தட்டச்சுக்கென்று வேலைக்குச் சேர்ந்தவள். முன்பெல்லாம் அந்த அட்டவணைப் படத்தைக் கட்டம் கட்டமாகக் கையால் நிறம் தீட்டித்தான் செய்தாள். ஒரு லாரி தாமதமாக வந்தால் போதும், அதற்குக் கீழே உள்ள அத்தனை பட்டைகளையும் அழித்து மறுபடி தீட்ட வேண்டும். அதனால் 'கலர் மேடம்' என்று ஒரு பட்டமும் கிடைத்தது. பிறகு யாரோ மேக்ரோ என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். நாம் செய்வதைப் பார்த்துவைத்துக்கொண்டு அப்படியே திருப்பிச் செய்யும் கிளிப்பிள்ளை அது. முதலில் பதிவுசெய்து பார்த்தாள். பிறகு உள்ளே திறந்து, அங்கே ஒரு சொல் இங்கே ஒரு எண் என்று மாற்றிப் பார்த்தாள். அடிமேல் அடி அடித்ததில் அம்மி நகர்ந்தது. இப்போது வேலையின் பெயர், தொடங்கும் நாள், எத்தனை நாள், பொறுப்பாளர் யார் என்று நான்கு பத்திகளை நிரப்பினால் போதும். மற்றதைப் பொத்தான் பார்த்துக்கொள்ளும். எங்காவது இடறினால் நின்று தொலையாமல் இருக்க, பிழை வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ என்று ஓர் உத்தரவையும் மேலே போட்டுவைத்திருந்தாள்.

சிவப்புக் கோடுதான் தலைவலியாக இருந்தது. வேலைகள் அதைத் தாண்டிப் போனால் முடிச்சிடலாம் முகம் சுண்டிப்போகும். கோட்டை நகர்த்தக் கூடாது, பட்டைகளை உள்ளே கொண்டுவா என்பார். அவள் முதலில் எல்லா வேலையிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டும்படி எழுதினாள். கூட்டத்தில் மின்சாரக்காரர் எகிறினார், குழாய்க்காரர் மேசையைத் தட்டினார், வண்ணம் அடிப்பவர் எழுந்தே போய்விட்டார். என் நாளில் கை வைக்க நீ யார் என்று ஆளாளுக்கு அவளைத்தான் கேட்டார்கள். அன்று சாயங்காலம் அவள் ஒரு நிபந்தனை சேர்த்தாள். பொறுப்பாளர் பத்தியில் பெயர் இருந்தால் அந்த வரிசையைத் தொடாதே. பெயர் இல்லாத வரிசைகளில் மட்டும் வெட்டு. குப்பை அள்ளுவது, சாமான் வரக் காத்திருப்பது, அனுமதிக்கு விட்டுவைத்த நாள், இவைதான் அவள் மனதில் இருந்தன. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்களே, பெயரே இல்லாத வரிசைக்காக எவன் வந்து சண்டை போடப்போகிறான்? அடுத்த கூட்டம் தேநீரோடு சுமுகமாக முடிந்தது. அன்றைக்கு ஒரே ஒருவர் முணுமுணுத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அவளுடைய அண்ணன் அதே நிறுவனத்தின் கட்டடத்தில் சென்ட்ரிங் மேஸ்திரி. கான்கிரீட் போடுவதற்கு முன் அடியில் பலகை பரப்பி, இரும்பு முட்டுகளை வரிசையாக நிறுத்துவதும், தளம் இறுகிய பிறகு அவற்றைப் பிரிப்பதும் அவன் ஆட்களின் வேலை. வேலையிடத்துக் கொட்டகையில் தங்கையின் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவான். வீட்டு மாடியிலிருந்து அண்ணி அவளைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரிப்பாள், இவர் பொண்டாட்டி போட்டோவைக்கூட இப்படி ஒட்டினதில்லை என்று. முன்பெல்லாம் முட்டுகளைப் பிரிக்கும் முன் தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பான், இன்னும் ரெண்டு நாள் போகட்டும் என்று இன்ஜினியரிடம் வாதாடுவான். படம் வந்த பிறகு அந்த வாதமெல்லாம் குறைந்துபோனது. பாப்பா போட்டிருக்கிறாள், அதற்கு மேல் என்ன என்று சொல்லிவிடுவான். அவளுக்கு முப்பத்தைந்து வயதாகியும் அவனுக்குப் பாப்பாதான்.

மழைக்குப் பிந்திய அந்தப் படம் போன மறு வாரம், காலையில் கூட்டத்துக்காகப் பெரிய தாளில் அச்செடுக்க உட்கார்ந்தாள். அச்சில் ஒரு வரிசை மட்டும் வெறுமையாக வந்தது. மை தீர்ந்துவிட்டதோ என்று இன்னொரு முறை எடுத்தாள். அப்போதும் அப்படித்தான். திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பட்டை இருந்தது, ஆனால் நகத்தில் ஒட்டிய அழுக்களவு. 'பெரிய கூடத் தளம், கான்கிரீட் இறுகக் காத்திருத்தல்' என்று பக்கத்தில் அவளே அடித்த எழுத்து. பொறுப்பாளர் பத்தி காலி. யார் பெயரைப் போடுவது? கம்பி கட்ட ஆள் உண்டு, கலவை போட ஆள் உண்டு, தண்ணீர் தெளிக்கக்கூட ஆள் உண்டு. சும்மா விட்டுவைப்பதற்கு யார் ஆள்?

பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதில் அதே பட்டை அகலமாக, மூன்று வாரத்தைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. மழை தின்ற நாளை எல்லாம் மேக்ரோ இங்கிருந்துதான் எடுத்திருந்தது. கேட்க நாதியில்லாத இடமாகப் பார்த்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல், அவள் சொல்லிக்கொடுத்தபடியே வழித்தெடுத்திருந்தது. அடுத்த வரிசையைப் படித்தாள். பெரிய கூடம், முட்டு பிரித்தல். பொறுப்பாளர் பத்தியில் அண்ணன் பெயர். நாள், இன்று. அதற்கும் அடுத்தது, தளத்தின் மேல் செங்கல் ஏற்றுதல். அதுவும் இன்று. தளம் இன்னும் இறுகவில்லை, அடியில் முட்டு போகிறது, மேலே பாரம் ஏறுகிறது.

அண்ணனைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. வேலை நேரத்தில் சட்டையைக் கழற்றி எங்காவது மாட்டிவிடுவான், போன் அதன் பையிலேயே கிடக்கும். மேலாளர் அறைக்கு ஓடினாள். இரண்டு படங்களையும் மேசையில் விரித்து விரலால் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். முதல் முறையாக அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"சைட் இன்ஜினியர்கிட்ட பேசு," என்றார். "வாயால சொல்லு. மெயில் எதுவும் போடாத."

அந்தக் கடைசி வார்த்தைகளைக் கேட்டபோதுதான் அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. இவருக்கும் தெரிந்துவிட்டது, தெரிந்ததும் முதலில் தன்னைத்தான் பார்த்துக்கொள்கிறார் என்று புரிந்தது.

சைட் இன்ஜினியர் வேலைக்கு வந்து சில மாதமே ஆன மனிதர், மரியாதையானவர். அவள் பதறியதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். படத்தில் இன்றைக்கு என்றுதான் இருக்கிறது, அலுவலகத்தில் பார்த்துத்தானே போட்டிருப்பீர்கள் என்றார். வேலையிடத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்று அலுவலகமும், அலுவலகம் பார்த்திருக்கும் என்று வேலையிடமும் நம்பிக்கொண்டிருந்திருக்கின்றன. எவ்வளவு பிரித்தாயிற்று என்று கேட்டாள். காலையிலேயே தொடங்கிவிட்டார்கள், பாதிக்கு மேல் ஆகிவிட்டது என்றார். மேலே? செங்கல் ஏறிக்கொண்டிருக்கிறது. எல்லாரையும் இறக்கி வெளியே அனுப்புங்கள் என்றாள். அவர் தயங்கினார். வேலையை நிறுத்துவதென்றால் யாராவது சொல்ல வேண்டுமே, யார் சொன்னதாக எழுதிக்கொள்வது என்று கேட்டார்.

"மேனேஜர் சொன்னாருன்னு எழுதிக்கோங்க," என்றாள். மேலாளர் அப்படிச் சொல்லவில்லை. பொய் சொல்கிறோமே என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வேலையிடம் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. மேலே இருந்தவர்கள் ஏணி வழியாக ஒவ்வொருவராக இறங்கி, தலைத் துண்டை உதறிக்கொண்டு வேலி ஓரம் போய் உட்கார்ந்தார்கள். திடீரென்று கிடைத்த ஓய்வில் சிலர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆளும் இறங்கியதை அவள் தன் கண்ணாலேயே பார்த்தாள். தளத்தின் மேல் செங்கல் அடுக்கு அடுக்காக அப்படியே நின்றது. கூடத்தின் வாசலில் அண்ணன் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் அந்தப் பெரிய இருட்டில், ஒரு பக்கம் முட்டுகள் காடாக நின்றன. மறு பக்கம் வெறும் தரையாகக் கிடந்தது.

அவள் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். மேக்ரோவை, நிபந்தனையை, காலிப் பத்தியை. அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கோபப்படுவான் என்று நினைத்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

"எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு பாப்பா," என்றான். "சீக்கிரம் இறுகுற கலவை எதாவது வரவழைச்சிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். நீ யோசிக்காமயா போடுவ."

திட்டுவதற்கென்று உலகத்தில் உள்ள வார்த்தைகளை எல்லாம் சேர்த்து அவன் வீசியிருந்தாலும் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவன் குனிந்து, பிரித்துப் போட்டிருந்த முட்டு ஒன்றைத் தோளில் ஏற்றினான். என்ன செய்கிறாய் என்று கையைப் பிடித்தாள். திரும்ப நிறுத்த வேண்டும், செங்கல் பாரம் அப்படியே மேலே நிற்கிறது, விட்டுவைக்க நேரமில்லை என்றான். வேண்டாம் அண்ணா, யாராவது பெரிய இன்ஜினியர் வந்து பார்க்கட்டும் என்றாள்.

"பிரிச்சது நான். வேற யார உள்ள அனுப்பச் சொல்ற?"

அவள் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வேலி ஓரம் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருந்தது. அவன் ஆட்களை வர வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே நடந்தான். நடுக் கூடத்தில் அதை நிமிர்த்தி, தலைத் தட்டைத் தளத்தின் அடியில் பொருத்தப் பார்த்தான். ஒற்றை ஆளாக அது நிற்கவில்லை, கால் வழுக்கி வழுக்கி விலகியது. அவள் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள். ஏன் கழற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. வெளியே போ என்று அவன் ஒரு முறை சொன்னான், பிறகு சொல்லவில்லை. அவள் மண்டியிட்டு முட்டின் அடித்தட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இரும்பு குளிர்ந்திருந்தது. அவன் திருகாணியைச் சுற்றத் தொடங்கினான். ஒவ்வொரு சுற்றுக்கும் இரும்பு லேசாக முனகியது. சலித்த மாவைப்போல மெல்லிய தூள் மேலிருந்து இறங்கி, அவளுடைய புறங்கையில் படிந்தது. அவன் தலைமுடியிலும் படிந்தது.

இரண்டாவது முட்டுக்கு அவன் கை நீட்டியபோது, மேலே யாரோ ஒரு கனமான பெஞ்சை மெதுவாக இழுத்து நகர்த்துவதைப் போல ஒரு சத்தம் கேட்டது. மேலே யாரும் இல்லை, செங்கலும் தளமும்தான். இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு அண்ணன் அந்த இரும்பை நிமிர்த்தினான், அவள் முழங்காலால் நகர்ந்து போய் அதன் அடியைப் பிடித்துக்கொண்டாள்.