அங்காளம்மாவின் குரல்

மீன் விற்கும் அங்காளம்மாவின் ஒப்பாரிகளைப் பேராசிரியர் ஐசக் கிழக்குத் தாம்பரத்தில் தம் வீட்டு வராந்தாவிலேயே ஒரே நாளில் டேப்பில் பதிவு செய்திருந்தார். எழுபத்தொன்றில் அவள் இறந்துபோனாள். மறு வருஷம் கோடை விடுமுறையில், ஒவ்வொரு பாட்டும் எந்தச் சுருதி என்று குறித்துத்தர, பாட்டு டீச்சர் ஜெயசீலியை ஐசக் அழைத்தார். அவள் தினமும் டேப்பை ஓடவிட்டு, ஆர்மோனியத்தில் கட்டையைத் தேடிப் பிடித்து நோட்டில் எழுதினாள். அங்காளம்மாவின் பதினாறு பாட்டுக்கும் ஐந்தரைக் கட்டை.

ஒருநாள் அங்காளம்மாவின் மகள் குப்பம்மா மீன்கூடையோடு வந்து, அம்மா குரலைக் கேட்கவேண்டும் என்றாள். ஐசக் டேப்பைப் போட்டார்.

"இன்னா சார் இது? யாரோ சின்னப் பொண்ணு பாடிகினு கீது. எங்கம்மாக்குக் கட்டைக் குரலு."

"உங்க அம்மாதாம்மா. நானே பதிவு பண்ணேன்."

"பெத்த பொண்ணுக்குத் தெரியாதா?" கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

துக்கத்தில் பேசுகிறாள் என்றார் ஐசக். ஜெயசீலிக்கும் அப்படித்தான் பட்டது.

மறுநாள் பகல் பன்னிரண்டுக்குச் சர்ச் மணி அடித்தது. அதே மணி டேப்பில் ஒரு பாட்டின் நடுவிலும் கேட்கும். ஜெயசீலியின் விரல் தானாகக் கட்டையைத் தேடியது. வெளியே அடித்தது நாலு கட்டை. டேப்பை அந்த இடத்துக்குத் திருப்பினாள். அதில் ஐந்து, ஒரு கட்டை மேலே.

"சார், பதிவு பண்ண அன்னிக்கு பேட்டரி வீக்கா இருந்துதா?"

"பழைய பேட்டரிதான். ஏன்?"

"மெஷின் மெதுவா ஓடியிருக்கு. இப்ப கரன்ட்ல முழு வேகத்துல போடறோம். அதான் குரல் ஏறிப்போச்சு."

ஐசக் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சுருதிகளை வைத்து அவர் எழுதிய கட்டுரை போன வாரமே அச்சுக்குப் போய்விட்டது.

ஜெயசீலி தெருவில் பழைய டார்ச் பேட்டரிகளைக் கேட்டு வாங்கினாள். டேப்பில் அந்த மணி நாலு கட்டைக்கு இறங்கும்வரை மெஷினில் மாற்றி மாற்றிப் போட்டாள். இரண்டு நாள் ஆனது. குப்பம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தாள். குரல் கனமாக, நிதானமாக எழுந்தது. குப்பம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு டேப்பின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பாட்டின் இடையில் இருமல் ஒன்று வந்தது.

"இருமலு கூட கீது சார்," என்றாள்.

பாட்டு முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னாள். மீன் கெட்டுவிடுமே என்றார் ஐசக். அவள் எழுந்திருக்கவில்லை. உள்ளே ஜெயசீலி ஐந்தரைகளை அடித்துவிட்டு நாலரை என்று எழுதத் தொடங்கினாள்.