லூக்காஸ் சேரின் நாக்கு

"உலகத்தில் கசப்பு என்று ஒன்று கிடையாது" என்று லூக்காஸ் சேர் அறிவித்தார். பண்டாரவளை இரசாயனவியல் டியூஷன் வகுப்பில் இருந்த நாங்கள் நாற்பது பேரும் அதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடிட்டோம்.

"மலேரியா மருந்து குயினைனுக்கு முதுகெலும்பு குயினோலின். ஒட்டிக்கிட்டு நிக்கிற ரெண்டு வளையம், ஒண்ணுல ஒரு நைதரசன். இதுல கசப்பு எங்க இருக்கு? கோழைகளோட நாக்குல இருக்கு."

இடைவேளை வந்தது. தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் பக்கத்து லயத்து மதுஷா உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, நக்கி நக்கிப் பாலில்லாத சாயத்தண்ணி குடித்தாள். கொஸ்லந்தத் தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் குடிப்போம்.

"என்ன மாடு மாதிரி நக்குற? லயத்துப் பழக்கத்த லயத்துலயே விட்டுட்டு வரணும்," என்றார் சேர்.

வகுப்பு சிரித்தது. என் கையிலும் சீனி இருந்தது. காற்சட்டையில் துடைத்துவிட்டு நானும் சிரித்தேன். மறுவாரத்திலிருந்து மதுஷா வரவில்லை. பரீட்சைக்கு மூன்று மாதமே இருந்தது.

பழிவாங்கும் ஆயுதத்தையும் சேரே படிப்பித்தார். குயினைன் தண்ணீரில் சரியாகக் கரையாது. தேயிலைச் சாயத்தில் போட்டால் அதிலுள்ள துவர்ப்பு, தனின், பிடித்து அடியில் படிய வைத்துவிடும். அமிலம் பட்டால் உப்பாகி நன்றாகக் கரையும். நான் கவனமாகக் குறிப்பெடுத்தேன்.

தோட்டத்தில், குயினைன் எடுக்க வெள்ளைக்காரன் நட்ட சிங்கோனா மரம் ஒன்று மிச்சம் இருக்கிறது. விரலளவு பட்டையை உரித்து அவித்து, அமிலத்துக்குத் தேசிக்காய் பிழிந்தேன். ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். இரவுச் சோறும் கசந்தது. திருப்தியாக இருந்தது.

"நான் வரமாட்டேன், போடா அழகர்," என்றாள் மதுஷா.

"ஒரே ஒரு நாளைக்கு வாடி. அந்தாளு கைய நக்குறதப் பாக்கலாம்."

"நெசமாவா?" என்று செருப்பைத் தேடினாள்.

வகுப்பில், பட்டைச் சாற்றைத் தம்ளரில் ஊற்றி, கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா டோர்ச்சை அதில் அடித்தேன். நீலமாக ஒளிர்ந்தது.

"அருமை! குயினைன்!" என்றார் சேர்.

"கசப்பே இல்லைன்னீங்களே சேர். குடிச்சுக் காட்டுங்க."

நாற்பது கொப்பிகள் திறந்தன. சேர் ஒரே மூச்சில் குடித்தார்.

"பச்சத்தண்ணி மாதிரி இருக்கு," என்றார். பிறகு பலகையில் குயினோலின் வரைந்தார். ஆறு மூலை வேண்டிய வளையத்துக்கு ஏழு மூலை வந்தது. கண்ணில் நீர் வந்ததற்குச் சோக்குத் தூள்தான் காரணம் என்றார்.

இடைவேளையில் சேர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். சீனி டின் திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளங்கை வாய்க்குப் போனது. மறுபடியும் போனது.

மதுஷா பக்கத்தில் போய் டின்னை எடுத்தாள். தன் கையில் கொட்டிக்கொண்டாள்.

"இன்னுங் கொஞ்சம் போடவா சேர்?"

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் நீட்டினார்.