ஜார்ஜ் கௌவியின் மேல் பெய்த மழை

போர்ட்ஸ்கேரியில் ஒரு சொல்லைச் சொல்ல ஆளில்லாமல் போனால் அந்தப் பொருளும் போய்விடும். துறைமுகத்துக்கு இறங்கும் குறுக்குவழி ஒன்றுக்குத் தனிப்பெயர் இருந்தது. அதைச் சொல்லிவந்த கடைசி ஆள் இறந்த மறுநாள் வழியைக் காணோம். இரண்டு பக்கத்துச் சுவர்களும் ஒட்டிக்கொண்டு நின்றன. மீன்பெட்டி தூக்குகிறவர்கள் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுச் சுற்றிப் போகத் தொடங்கினார்கள். இன்றும் சுற்றித்தான் போகிறார்கள். என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாது.

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் அந்த ஊரில் பாதிப் பேர் கௌவி குடும்பம். அதில் எட்டுப் பேர் ஜார்ஜ் கௌவி. ஆகவே எல்லாருக்கும் பட்டப்பெயர் உண்டு. வாக்காளர் பட்டியலிலும் கல்லறையிலும்கூட அது இருக்கும். பள்ளி ஆசிரியை எல்ஸ்பெத்தின் தம்பி ஜார்ஜுக்கு டிரௌ என்று பெயர். கடலிலிருந்து வந்து, விழுகிற சத்தமே இல்லாமல் கம்பளிச் சட்டையில் ஒட்டிக்கொள்ளும் மென்மழைதான் டிரௌ. அது மூன்று வாரம் விடாமல் பெய்து படகுகளைக் கரையிலேயே நிறுத்திவைத்தபோது அவன் பிறந்தான்.

எல்ஸ்பெத் சிறுமியாக இருந்தபோது, வீட்டில் பேசுகிற ஸ்காட்ஸ் மொழியை வகுப்பில் பேசியதற்காகத் தோல்வாரால் உள்ளங்கையில் அடி வாங்கியவள். அதனால், ஸ்காட்ஸைப் பள்ளிப் பாடமாக்க ஸ்டெர்லிங் நகரில் ஒரு குழு கூடியபோது முதல் ஆளாகச் சேர்ந்தாள். ஒரே நிபந்தனை, ஒரு பொருளுக்கு ஒரு சொல். ஊருக்கு ஒரு சொல்லாக இருந்தால் புத்தகம் போட முடியாது, பரீட்சை வைக்க முடியாது. ஆறு வருடம் சனிக்கிழமைதோறும் ரயிலேறிப் போனாள். ஷெட்லாந்துத் தீவுக்காரர்கள் இரண்டு தடவை கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். கப்பல் மறுநாள்தான் என்பதால் இரண்டு தடவையும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். மென்மழைக்குப் பதினான்கு சொற்கள் வந்தன. மேற்குக் கரைக்காரர்களின் ஸ்மர் ஜெயித்தது. எல்ஸ்பெத்தும் அதற்குத்தான் கை தூக்கினாள். மேற்கில் ஆட்கள் அதிகம், கணக்கில் தவறில்லை.

புத்தகம் வந்தது. வீட்டுப் பேச்சுக்கு முதன்முறையாகப் பிள்ளைகள் மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் பெரியவர்களுக்குக் கூச்சம் வந்துவிட்டது. முன்பு ஸ்காட்ஸ் பேசுவதே தப்பாக இருந்தது. இப்போது ஸ்காட்ஸையே தப்பாகப் பேசுகிறோமோ என்று பயந்தார்கள். மீன் சுத்தம் செய்யும் பெண்கள் முதலில் பிள்ளைகள் எதிரே மட்டும் ஸ்மர் என்றார்கள், பிறகு தங்களுக்குள்ளேயும். புத்தகம் வந்த மூன்றாம் வருடம் அக்டோபரில் ஊரில் டிரௌ நின்றுபோனது. எல்லா ஊரையும் போல ஸ்மர் பெய்தது. அந்தச் சொல் ஜார்ஜின் பெயராக மட்டும் மிஞ்சியதால் டிரௌ அவன்மேல் மட்டும் பெய்தது. தெருவில், தேவாலயத்தில், படுக்கையில்.

"குடை வாங்கித் தரட்டுமா டிரௌ?" என்று ஏலக்கூடத்தில் கேட்டார்கள்.

"குடைக்குள்ளயும் பெய்யுதுடா. சந்தேகமா இருந்தா வந்து நின்னு பாரு."

டாக்டர் கில்கிறைஸ்ட் அவன் நாற்காலி அருகே ஒரு மழைமானி வைத்தார். நாளொன்றுக்கு நான்கு மில்லிமீட்டர். கூடவோ குறையவோ இல்லை. டிசம்பருக்குள் அவன் இருமல் தெருமுனைவரை கேட்டது. "ஒண்ணுக்குக் கீழ வந்தாத்தான் இந்தக் குளிர்காலத்தத் தாண்டுவாரு, டீச்சர்" என்றார் டாக்டர்.

எல்ஸ்பெத் தம்பியிடம் சொன்னாள். "இனிமே ஊர்ல யாரும் உன்ன அப்படிக் கூப்பிட வேண்டாம்னு சொல்லிடறேன். வெறும் ஜார்ஜாவே இரு."

"ஏழு ஜார்ஜ் கௌவி சுத்திட்டிருக்கான். எட்டாவதா ஒருத்தன் எதுக்கு?"

"செத்துப் போயிடுவடா."

"அந்தக் குறுக்குச் சந்து மாதிரி போகச் சொல்றியா அக்கா? செத்தாலாவது கல்லுல பேரு இருக்கும்."

டிரௌவையும் புத்தகத்தில் சேர்க்கச் சொல்லி அவள் குழுவுக்கு எழுதினாள். மரியாதையான பதில் வந்தது. போர்ட்ஸ்கேரிக்கு ஒரு சொல் கொடுத்தால் ஷெட்லாந்துக்கு இருநூறு கொடுக்க வேண்டும், பிறகு புத்தகமே இருக்காது என்றிருந்தது. குழுவின் நான்காம் வருடக் கூட்டத்தில் அந்த வாக்கியத்தைச் சொன்னவள் அவள்தான். அது உண்மை என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, பாடத்தை முடித்துவிட்டு வகுப்பில் சொன்னாள். "என் தம்பி மேல பெய்யுதே, அதுக்குப் பேரு டிரௌ. புத்தகத்துல இல்ல. பரீட்சையில எழுதினா மார்க் கிடையாது. எழுதாதீங்க." சொல்லி முடிப்பதற்குள் அவள் தோளில் பொடிப்பொடியாக நீர் பூத்தது. அன்று மாலை ஜார்ஜின் மழைமானியில் இரண்டு மில்லிமீட்டர்தான் இருந்தது. மீதி இரண்டு அவள்மேல் பெய்திருந்தது.

அதன்பின் அவள் நனைந்துகொண்டே பாடம் நடத்தினாள். அதே புத்தகம், அதே சொற்கள், ஒன்றைக்கூட மாற்றவில்லை. பக்கங்கள் உப்பிப் போயின. முன்வரிசைப் பிள்ளைகள் மேசைகளை ஓரடி பின்னால் இழுத்துக்கொண்டார்கள். பள்ளிக் காவலாளி அவள் நாற்காலிக்கடியில் ஒரு தட்டு வைத்தார்.

பிப்ரவரியில் மீன் சுத்தம் செய்யும் மைனா ஸ்லேட்டரின் மகள் இஷ்பெல் வகுப்புக்கு நனைந்து வந்தாள். கையில் அம்மாவின் சீட்டு. "டீச்சர், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு பிள்ள கேட்டா. சொல்லிக் குடுத்தேன். அவளுக்குக் காய்ச்சல் இல்ல, அடுப்புப் பக்கமா உக்கார வையுங்க. நானும் நனைஞ்சுக்கிட்டேதான் எழுதறேன், மை கலைஞ்சிருந்தா மன்னிக்கணும்."

அன்று மழைமானியில் சரியாக ஒரு மில்லிமீட்டர். டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். துடைத்து வைத்தார். ஜார்ஜ் இருமினான். எல்ஸ்பெத் தன் வகுப்பில் நனையாமல் இருக்கும் பதினெட்டுப் பிள்ளைகளையும், மே மாதம் அவர்கள் எழுதப்போகும் பரீட்சையையும் நினைத்தாள். நீங்களும் அந்தச் சொல்லைச் சொல்லுங்கள் என்று அவர்களிடம் போய்க் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை வகுப்பில் கோட்டு மாட்டும் ஆணிகளின் கீழே மூன்று இடத்தில் தண்ணீர் சொட்டியிருந்தது. ஒன்று அவளுடையது, ஒன்று இஷ்பெலுடையது. மூன்றாவது யாருடையது என்று அவள் கேட்கவில்லை. நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள்.