வெள்ளைச் சீட்டு வந்த ஈரல்

எங்கள் ஊரில் மீனை வேகவைத்துத் தின்கிறவனை ஆம்பளைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். குளத்துப் பொடிமீனைக் கரையிலேயே வைத்துக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த்தூளும் வறுத்த அரிசிப்பொடியும் போட்டுப் பிசைந்தால் கொய். அறுவடைக்கு வந்தவர்களுக்கு கொய் வைக்காத வீட்டுக்கு மறுவருஷம் கதிர் அறுக்க ஆள் வராது. எலுமிச்சையே மீனை வேகவைத்துவிடும், தப்பிப் பிழைத்த புழுவை அரிசிச் சாராயம் பார்த்துக்கொள்ளும் என்பது சி என்கிற எங்கள் ஆற்றங்கரை ஆம்பளைகள் படித்த விஞ்ஞானம்.

என் புருஷன் விச்சியன் அதில் கரை கண்டவர். என் தம்பி கம்சிங் அவருக்குச் சிஷ்யன். நானோ ஊர்ச் சுகாதாரத் தொண்டர். வீடு வீடாகப் போய் "மீனை வேகவச்சுத் தின்னுங்க" என்று தொண்டை வறளக் கத்திவிட்டு வந்தால், என் அடுக்களைக்குப் பின்னாலேயே இரண்டு பேரும் பலகை போட்டு மீன் கொத்திக்கொண்டிருப்பார்கள். என் பேச்சுக்கு வாத்துகள்கூடத் தலையைத் திருப்பும், இவர்கள் திரும்ப மாட்டார்கள்.

ஒரு வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் நத்தயா தன் ஆட்களோடு வந்து கோவில் மண்டபத்தில் இறங்கினாள். மீனில் இருக்கும் புழு ஈரலுக்குள் போய்ப் பித்தக்குழாயில் உட்கார்ந்துகொள்ளும். வருஷக்கணக்கில் அரிக்கும், அரித்த இடம் தழும்பாகும், சிலருக்கு அந்தத் தழும்பு புற்றுநோயாகும். யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? அதுதான் அவள் ஆராய்ச்சி. மலம், ரத்தம், வயிற்று ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்துக் கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போடும்.

வீடு வீடாக மல டப்பி சேகரிக்கிற பாக்கியம் எனக்கு வாய்த்தது. விச்சியன் தன் டப்பியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"டாக்டரம்மாகிட்ட பத்திரமா குடு. நம்ம வீட்டுச் சீதனம்."

"வாயை மூடிட்டு டப்பியை மூடுங்க," என்றேன்.

நூற்றுக்கு இத்தனை என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்குப் புரியாது என்று, முடிவை நிறச் சீட்டாகக் கொடுத்தார்கள். வெள்ளை என்றால் ஆபத்து குறைவு, மஞ்சள் நடுத்தரம், சிவப்பு என்றால் ஈரலில் தழும்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். விச்சியனுக்கு வெள்ளை வந்தது. அவரோடு ஒரே தட்டில் தின்ற என் தம்பிக்குச் சிவப்பு வந்தது.

"ஒரே மீன்தானே டாக்டர் தின்னோம்?" என்று கேட்டான் கம்சிங்.

"ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி. இன்னிக்கே மாத்திரை போட்டுப் புழுவைக் கொன்னுடலாம். ஆனா இனிமே ஒரு துண்டுகூட வேகாத மீன் கூடாது. விட்டுட்டீங்கன்னா தழும்பு அங்கேயே நிக்க வாய்ப்பிருக்கு."

விச்சியனுக்கும் அதே மாத்திரை, அதே புத்திமதி. மாத்திரை அவர் வயிற்றுக்குள் போனது. புத்திமதி மண்டபத்தைத் தாண்டவில்லை.

அந்த வாரமே சந்தைக்குப் போனவர், வெள்ளைச் சீட்டை மடித்து ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் அடைத்துக்கொண்டு வந்தார். கழுத்துச் சங்கிலியில் புத்தர் ரட்சை ஒரு பக்கம், சீட்டு இன்னொரு பக்கம். எங்கள் ஊரில் துப்பாக்கிக் குண்டுக்கு ரட்சை உண்டு, பாம்புக்கு உண்டு, கடன்காரனுக்குக்கூட உண்டு. மீன் புழுவுக்கு ரட்சை கட்டிய முதல் ஆள் இவர்தான். பார்த்த மற்ற வெள்ளைச் சீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு கூடு வாங்கினார்கள்.

"பெரிய பல்கலைக்கழகமே பார்த்துட்டு வெள்ளை குடுத்திருக்கு. உனக்கென்னடி வயித்தெரிச்சல்?" என்றார் என்னிடம்.

கம்சிங் அன்றோடு விட்டான். அறுவடை விருந்தில் அவனுக்கு மட்டும் சுட்ட மீன் வரும். கூட்டம் மொத்தமும் அவனைப் பிடித்துக்கொள்ளும்.

"மாப்ள, ஒரு பாவாடை வாங்கித் தரட்டுமாடா? உன் இடுப்புக்கு நல்லா இருக்கும்," என்பார் விச்சியன்.

"பூப்போட்டதா வாங்குங்க மாமா. அக்கா பாவாடை எனக்கு நீளம் பத்தாது."

"ஒரே ஒரு வாய்டா. நான் ஊட்டி விடுறேன்."

"வேணாம் மாமா. நான் பயந்தாங்கொள்ளியாவே இருந்துட்டுப் போறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொல்வான். பிறகு தனியாகப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பான். ஒரே பாயில் தின்று வளர்ந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் அவனைக் கும்பிட்டேன்.

இவரிடம் நான் செய்யாத சண்டை இல்லை. கொத்துகிற பலகையை ஒளித்தேன். ஒரு நாள் பிசைந்து வைத்த கொய்யை அப்படியே சட்டியில் கொட்டி வறுத்துவிட்டேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன் பிறகு குளத்தங்கரையில் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வரத் தொடங்கினார்.

சில வருஷம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்க்க நத்தயா வந்தபோது, அவர் கழுத்தில் தொங்கியதைத் தூக்கிப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனது.

"அண்ணே, இது நேத்து வரைக்கும் உங்க ஈரல் சொன்ன கதை. நாளைக்கு நீங்க எதைத் திங்கப்போறீங்கன்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

"வெள்ளை வெள்ளைதானே டாக்டரம்மா?" என்று சிரித்தார். சிரித்த கண்ணின் ஓரம் மஞ்சளாக இருந்தது. நான் அதை அதுவரை வெயில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

படுக்க வைத்துப் பார்த்தவள் பாதியிலேயே திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். என்னை மட்டும் போதி மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பித்தக்குழாயில் கட்டி, ஈரலுக்குள் பரவிவிட்டது, அறுத்தெடுக்க இடமில்லை என்றாள். கம்சிங்கின் தழும்பு மட்டும் அன்றைக்கு இருந்த இடத்திலேயே நின்றிருந்தது.

"ரெண்டு பேர் விஷயத்துலயும் எங்க கணக்கு தப்பாயிடுச்சுக்கா," என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள்.

"கணக்கு சரியாத்தான் இருந்திருக்கும் தாயி. அதை எங்க ஆளுங்ககிட்ட சொல்லிட்டீங்க பாருங்க, அங்கதான் கெட்டுது."

அந்தப் பெண்ணை ஏன் அப்படிக் குத்தினேன் என்று தெரியவில்லை. யாரையாவது குத்த வேண்டியிருந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் பாதியாகிவிட்டார். உடம்பெல்லாம் அரிப்பு. சொறிந்து சொறிந்து முதுகு ரணம். கடைசி நாட்களில் ஒரு வாய் கொய் கேட்டார். "இன்னும் ஆசை அடங்கலையா?" என்று கத்திவிட்டுக் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தேன். கஞ்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

அவர் போய்ச் சேர்ந்தார். எங்கள் வழக்கப்படி, பிணத்தைப் பெட்டியில் வைத்து எடுக்கிற வரைக்கும் வேளாவேளைக்குச் சோறு வைத்து, பெட்டியைத் தட்டிச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். முதல் நாள் நான் வைத்ததெல்லாம் வேகவைத்த பதார்த்தம். மறுநாள் காலையில் எனக்கே தாங்கவில்லை. கூட்டாளிகளைக் கூப்பிட்டு, "அவருக்கு ஒரு தட்டு கொய் பண்ணுங்க. ஒரு தட்டு போதும்," என்றேன்.

எங்கள் ஊரில் ஒரு தட்டு கொய் என்று ஒன்று கிடையாது. குளத்தில் வலை விழுந்தது, அண்டா நிறைய பிசைந்துவிட்டார்கள். முதல் தட்டைப் பெட்டியின் கால்மாட்டில் வைத்து மூன்று தட்டுத் தட்டி, "வாங்க, உங்களுக்குப் பிடிச்சது," என்றேன். நான் திரும்புவதற்குள் மிச்சத்தைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

கம்சிங் தூணோரம் நின்றான்.

"வாடா," என்றான் கூட்டத்தில் ஒருவன். "இத்தனை வருஷமா உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே அவன் போய்ச் சேர்ந்துட்டான். இன்னிக்குமா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனும் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பான். மெதுவாக வந்து பாயில் உட்கார்ந்தான்.

"டேய், வேணாம்டா," என்றேன். கையில் ஒட்டரிசிச் சோற்றுக் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். "உன் ஈரல் தாங்காதுடா. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"கூப்பிடுறது மாமா, அக்கா. இன்னிக்கு எந்த வாயால வேணாம்ங்கறது?"

"செத்த ஆளு எங்கடா கூப்பிட்டாரு? தட்டு வச்சது நான்டா!"

அவன் காதில் விழவே இல்லை. சோற்றை உருட்டி, கொய்யில் அழுத்தி வாயில் போட்டான். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் மென்றான். கண்ணீர் தாடை வரைக்கும் இறங்கியது. பெட்டிக்குள் இருந்தவரை எழுப்பி உட்காரவைத்து நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு.

"நல்லாத்தான் இருக்குக்கா," என்றான் கம்சிங். இன்னொரு கவளத்துக்காக என் கூடைக்குள் கையை விட்டான்.